இடத்தைச் சொன்ன செய்தி

அகேனோவுக்கு ஒன்பது வயதானபோது அவள் அம்மாவைக் கிணற்றடியில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்களில் ஒருவனே அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றைக் கடந்து போய்த் தன் வீட்டில் மகளாக வைத்துக்கொண்டான். இரண்டும் ஒரே காலையில் நடந்தன. அவன் பெயர் தோமொங்கோலே, பொகோட் இனத்தான். நான்கு வருடம் அவள் அவனுடைய ஆடுகளை மேய்த்தாள், அவன் மனைவி கறந்த பாலைக் குடித்தாள், அவனை அப்பா என்று கூப்பிட்டாள். பிற்காலத்தில் யாராவது அதைக் கிளறினால் அவள் மழுப்ப மாட்டாள். "எங்கம்மாவைக் கொன்னவன்தான். எனக்குப் பால் ஊத்தினவனும் அவன்தான். ரெண்டையும் வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?" என்பாள்.

பதின்மூன்று வயதில், பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளை இரு பக்கமும் மாற்றிக்கொண்ட ஒரு சமாதான வருடத்தில், அவள் தன் துர்கானா சனத்திடம் திரும்பி வந்தாள். வந்தபோது பாதி மொழி மறந்திருந்தது. தண்ணீர் என்பதற்குப் பொகோட் சொல்தான் முதலில் வாயில் வந்தது. பிள்ளைகள் அவளை எதிரி வீட்டுக் குட்டி என்று கூப்பிட்டார்கள். அப்பா அதற்குள் செத்துப்போயிருந்தார். சித்தப்பா அவளைப் பாதிரியார் பள்ளியில் சேர்த்துவிட்டுக் கை கழுவினார். பிறகு ஒரு லாரி டிரைவரோடு கல்யாணம், ஒரு பெண் குழந்தை. டிரைவர் ஒருநாள் கிடாலே நகரத்துக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான்.

இருபத்தாறு வயதில் லொகொரிமோ என்ற ரோட்டோரச் சிற்றூரில், தண்ணீர் என்று பொருள்படும் மாஜி எஃப்எம் என்ற சின்ன வானொலி நிலையத்தில் அவளுக்குச் சமையல் வேலை கிடைத்தது. இரண்டு அறை, ஒரு ஒலிபரப்புக் கம்பம். பொகோட் மொழியில் பேசுகிறவன் சண்டைக்குப் பயந்து ஓடிப்போன நாளில், சோள மாவு கிண்டிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு அம்மைத் தடுப்பூசி அறிவிப்பைப் படிக்கச் சொன்னார்கள். கையில் மாவோடு இரண்டு மொழியிலும் படித்தாள். ஆற்றின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவள் பேசுவது புரிந்தது. அதற்குப் பிறகு அவளை யாரும் அடுப்படிக்கு அனுப்பவில்லை. நைரோபிக்கு அனுப்பி ஆறு மாதம் படிக்க வைத்தார்கள். முப்பது வயதில் அவளே பயிற்சியாளர். வருடத்துக்கு ஆறு இளைஞர்கள், மூன்று பேர் துர்கானா, மூன்று பேர் பொகோட். ஒலிவாங்கி பிடிப்பது, பேட்டி எடுப்பது, வெட்டி ஒட்டுவது, பாட்காஸ்ட் செய்து போனுக்கு அனுப்புவது எல்லாம் சொல்லிக்கொடுப்பாள்.

எட்டாவது வருடக் குழுவில்தான் ஏருபேயும் கபேலியோனும் வந்தார்கள்.

ஏருபே துர்கானா. இருபத்து மூன்று வயது, நெட்டை, சிரிக்கவே யோசிப்பான். கபேலியோன் பொகோட், அவனைவிட ஒரு வயது சின்னவன், துர்கானாவும் சரளமாகப் பேசுகிற வாய் ஓயாதவன். முதல் நாள் ஆறு பேரும் இரண்டு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரே பெஞ்சில் உட்காரச் சொன்னாள். ஏருபே நகரவில்லை. கபேலியோனைக் காட்டி, இவன் விடுகிற மூச்சை நான் இழுக்க மாட்டேன் என்றான்.

"அப்ப வெளில போய் இழு. கதவு அங்கதான இருக்கு" என்றான் கபேலியோன்.

ஏருபேயின் மணிக்கட்டில், மாடு மேய்க்கிறவர்கள் போடும் வளையக் கத்தி இருந்தது. அதைக் கழற்றி வைக்கச் சொல்ல அகேனோ மறந்துவிட்டாள். கை ஒரு வீச்சு வீசியது. கபேலியோனின் முன்கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை திறந்துகொண்டது. இரத்தம் சுவரில் தெறித்தது. அகேனோ ஒலிவாங்கி மாட்டும் இரும்புக் கம்பத்தைத் தூக்கி ஏருபேயின் தோளில் ஓங்கி அடித்தாள். அவன் விழுந்தான். விழுந்தவன் முதுகில் முழங்காலை வைத்து அழுத்திக் கத்தியைக் கழற்றினாள்.

இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கபேலியோனுக்குப் பத்தொன்பது தையல் போட்டுக் கூட்டிவந்த பிறகு அவள் இருவரையும் ஒலிப்பதிவு அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். ஹெட்போனை ஏருபேயின் தலையில் மாட்டினாள். ஒலிவாங்கியைக் கபேலியோனின் வாய்க்கு முன்னால் வைத்து, இன்று காலை என்ன நடந்தது என்று சொல் என்றாள். ஹெட்போனில் மனிதக் குரல் மட்டுமா கேட்கும்? எச்சில் விழுங்குவது கேட்கும், நாக்கு ஒட்டுவது கேட்கும். வலியில் கபேலியோன் இழுத்து இழுத்துப் பேசினான். ஏருபே இருபது நிமிடம் அவன் மூச்சைக் காதுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கழற்றியபோது முகம் கறுத்திருந்தது. ஆனால் மறுநாள் வந்தான்.

அவர்கள் நண்பர்கள் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஏருபே அவனைத் தழும்பு என்று கூப்பிட்டான். இவன் அவனைக் கத்தி என்றான். ஒலிவாங்கிக்குக் காற்று அடிக்காமல் இருக்க ஆட்டுத்தோலில் உறை தைத்தது கபேலியோன். மழை, மந்தை, திருமணம் என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தது ஏருபே. அவன் பதிவு செய்து வருவதை இவன் கணினியில் வெட்டுவான். இரண்டு பேரும் ஒரு நொடிக்காக அரை மணி நேரம் சண்டை போடுவார்கள். அகேனோ ஐந்து கேள்விகளை அவர்கள் மண்டையில் அடித்து இறக்கியிருந்தாள். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன். இதில் ஒன்று குறைந்தாலும் அது செய்தி இல்லை, வம்பு என்பாள். எழுதி வந்ததைக் கிழித்தும் போடுவாள்.

நான்காவது மாதம் ஏருபே தன் அம்மாவின் பட்டிக்குப் போய் ஒரு பேட்டி எடுத்து வந்தான். நாச்சுரோ மேட்டில் புல் முளைத்திருந்ததால் பட்டி அங்கே நகர்ந்திருந்தது. ஆண்கள் எல்லோரும் கால்நடைத் தடுப்பூசிக்காக மாடுகளில் பாதியை ஓட்டிக்கொண்டு லொகிச்சார் பக்கம் போயிருந்தார்கள். திரும்ப நான்கு நாள் ஆகும். பன்னிரண்டு குடிசையில் பெண்களே மணலைத் தோண்டிக் கிணறு எடுத்து, மிச்ச மாடுகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அதுதான் செய்தி. அவன் அம்மா அபுவா ஒலிவாங்கியில் வாயை வைத்துக்கொண்டு, "ஆம்பளைங்க இல்லாட்டி மாடு தண்ணி குடிக்காதா? இந்தக் கிணத்தை எந்த மீசை வந்து தோண்டுச்சு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். தொண்டையில் கிளம்பி வயிறு வரை குலுங்குகிற சிரிப்பு.

ஏருபே அந்தச் சிரிப்பு வேண்டாம், அம்மா மானத்தை வாங்குகிறாள் என்றான். கபேலியோன் அதுதான் உயிர் என்று வைத்துக்கொண்டான். அகேனோ கேட்டாள். ஐந்து கேள்விக்கும் பதில் இருந்தது. எட்டு வருடத்தில் அவள் கேட்ட மாணவர் வேலைகளில் அதுதான் மிகச் சிறந்தது. வியாழக்கிழமை மதியம், பொகோட் மொழிபெயர்ப்பும் சேர்த்து அதை ஒலிபரப்பினார்கள். மறுநாளும் நேயர்கள் கேட்டதால் மறுபடி போட்டார்கள்.

சனிக்கிழமை விடியும்போது நாச்சுரோ மேட்டில் துப்பாக்கி வெடித்தது.

அகேனோவும் ஏருபேயும் ஒரு மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. பன்னிரண்டு குடிசையில் ஒன்பது எரிந்து புகைந்துகொண்டிருந்தது. ஓட்டிப் போக முடியாத மாடுகளைக் காலில் சுட்டு விட்டுப் போயிருந்தார்கள். அவை எழ முயன்று எழ முயன்று கத்தின. பால் குடுவைகள் மிதிபட்டுக் கிடந்தன. பதினொரு பேர். ஏழு பெண்கள், மூன்று குழந்தைகள், ஒரு கிழவர். ஒரு குழந்தை அதன் தாய்க்கு அடியில் இருந்தது. தாயைத் துளைத்த குண்டு குழந்தையையும் துளைத்திருந்தது. அபுவா கிணற்றுக்குள் கிடந்தாள். ஓடி ஒளிய இறங்கியிருக்க வேண்டும். மேலே நின்று சுட்டிருக்கிறார்கள். ஏருபே உள்ளே இறங்கி அவளைத் தோளில் சுமந்து ஏறினான். மணல் சரிந்து இரண்டு முறை இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். யாரும் உதவிக்கு இறங்க அவன் விடவில்லை.

போனில் செய்தி போய் லொகிச்சார் பக்கமிருந்து ஆண்களில் சிலர் அதற்குள் வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் லொபெயோக், அபுவாவின் தம்பி, ஏருபேயின் தாய்மாமன். ஐம்பது வயதிருக்கும். அவருடைய மூத்த மருமகளும் செத்தவர்களில் இருந்தாள். முள்வேலிக்குப் பின்னால் ஒருவன் அகப்பட்டிருந்தான். கொள்ளைக்கு வந்தவன், கிழவர் சுட்ட குண்டு தொடையில் பாய்ந்து கூட்டாளிகள் விட்டுப் போனவன். இருபது வயதுகூட நிரம்பாத முகம். அவனை இழுத்துவந்து போட்டு, கையை முறித்திருந்தார்கள். அவனுக்குப் பொகோட் மட்டுமே தெரிந்தது. லொபெயோக் அகேனோவைக் கூப்பிட்டார்.

"கேளு அவனை. ஆம்பளைங்க இல்லைன்னு எவன் சொன்னான்னு கேளு."

அகேனோ மண்டியிட்டுக் கேட்டாள். அவளுக்குச் சொந்த மொழிபோல வருகிற அந்த மொழியில், எந்தச் சூழ்ச்சியும் இல்லாமல், பையன் பதில் சொன்னான்.

"யாரும் சொல்லல. உங்க ரேடியோதான் சொல்லுச்சு. ஒரு பொம்பளை சிரிச்சாளே, அதை எங்க பட்டில எல்லாரும் கேட்டோம்."

அகேனோ நிமிர்ந்தாள். அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஏருபே அங்கேதான் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பொகோட் தெரியாது. ஆனால் ரேடியோ என்ற சொல் எல்லா மொழியிலும் ஒன்றுதான். லொபெயோக்கின் காதில் அது விழுந்துவிட்டது. ரேடியோ என்றானே, என்ன அது என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால் அந்த இடத்திலேயே ஏருபேயைக் கொன்றாலும் கொன்றுவிடுவார்கள் என்று அவள் நினைத்தாள். தன்னையும்தான். அதையும் நினைத்தாள் என்று பிறகு ஒப்புக்கொண்டாள்.

"ரேடியோக்காரி எதுக்கு இங்க வந்தேன்னு என்னைக் கேக்கறான். வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான்" என்றாள்.

லொபெயோக் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவன் கையிலிருந்து ஈட்டியை வாங்கிப் பையனின் வயிற்றில் குத்தினார். ஒரு குத்தில் முடியவில்லை. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அகேனோ மண்டியிட்டபடியே இருந்தாள். அவன் கடைசியாகச் சொன்னதும் அவளுக்குப் புரிந்தது. அதை அவள் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. போலீஸ் லாரி வந்தபோது எல்லாம் முடிந்து ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

அவள் சொன்ன பொய் இரண்டு நாள் உயிரோடு இருந்தது. அந்த இரண்டு நாளில் அது வேறு உருவம் எடுத்தது. ரேடியோ என்று எதிரி சொன்னான். ரேடியோவில் பொகோட் பையன் ஒருவன் இருக்கிறான். அபுவாவின் பேட்டியை வெட்டி ஒட்டியது அவன்தான். ஒலிபரப்புக்கு முன்பே எல்லாம் தெரிந்தவன் அவன்தான். போன் போட்டுச் சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் இதைச் சந்தேகமாகப் பேசினார்கள். திங்கட்கிழமை காலையில் அது நடந்த கதையாகிவிட்டது.

மற்ற இரண்டு பொகோட் மாணவர்களும் அதிகாலை வண்டியிலேயே போய்விட்டார்கள். கபேலியோன் மட்டும் நிலையத்தில் இருந்தான். ரோட்டில் இறங்கினால் ஆற்றுப் பாலம் வரை அவனால் போய்ச் சேர முடியாது. மதியம் நாற்பது ஐம்பது பேர் வந்து வாசலில் நின்றார்கள். காவலுக்கு நின்ற இரண்டு போலீஸ்காரர்களும் டீ குடிக்கப் போகிறவர்கள்போலப் போய்விட்டார்கள். லொபெயோக் வெளியிலிருந்து, அந்தப் பயலை மட்டும் விட்டுவிடு, உன்னை ஒன்றும் செய்ய மாட்டோம் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

உள்ளே கபேலியோன் கேட்டான். "அக்கா, அன்னிக்கு அந்தப் பையன் நெசமா என்ன சொன்னான்?"

அவள் சொன்னாள்.

"அந்தச் சிரிப்பை நான்தான விடாம வெச்சேன். அந்தக் கத்திப்பய அப்பவே வேணாம்னானே" என்றான்.

அகேனோ ஒலிபரப்பு அறைக்குள் போய்ப் பாட்டை நிறுத்தினாள். எதிர் டீக்கடையில் ஒலிபெருக்கி வைத்து நாள் முழுக்க மாஜி எஃப்எம் ஓட விட்டிருப்பார்கள். கூட்டம் நின்ற இடத்துக்கு அவள் குரல் அங்கிருந்துதான் போய்ச் சேர்ந்தது. துர்கானாவில் பேசினாள்.

"நான் அகேனோ. சனிக்கிழமை உங்ககிட்டப் பொய் சொன்னேன். யாரும் யாருக்கும் போன் பண்ணல. பட்டி எங்க இருக்கு, எத்தனை குடிசை, ஆம்பளைங்க எத்தனை நாள் வர மாட்டாங்க, எல்லாத்தையும் இந்த ரேடியோதான் சொல்லுச்சு. சொல்லச் சொல்லிக் குடுத்தவ நான். கேட்டுட்டு நல்லாருக்குன்னு விட்டவளும் நான். எங்கேங்கிற கேள்வி ஆளைக் கொல்லும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். எங்கம்மாவும் கிணத்தடிலதான் செத்தா. எனக்கே தெரிஞ்சிருக்கணும்."

வெளியே சத்தம் அடங்கியது. அவர்கள் போய்விடுவார்கள் என்று கபேலியோன் நினைத்தானாம். பிறகு முதல் கல் ஜன்னலில் விழுந்தது.

கதவை உடைக்கத் துப்பாக்கிக் கட்டையாலேயே இடித்தார்கள். உள்ளே முதலில் வந்த லொபெயோக், குறுக்கே நின்ற அகேனோவின் இடது காதோடு சேர்த்துக் கட்டையால் அடித்தார். அவள் சுவரில் மோதி விழுந்தாள். அந்தக் காதில் ஒரு விசில் கிளம்பியது, அதற்குப் பிறகு அதில் எதுவும் கேட்கவில்லை. கபேலியோனை முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்கள். தலையைக் காக்கக் கையைத் தூக்கினான். வெட்டுக்கத்தி இறங்கியதில் வலது கையில் இரண்டு விரல் போனது. விலாவில் மிதித்தார்கள். அடுத்த வெட்டுக்குக் கை ஓங்கியபோது யாரோ அவன்மேல் குப்புற விழுந்து அவனை மறைத்தான். ஏருபே.

"என்னையும் சேத்து வெட்டு மாமா. பேசினது நான். எழுதினது நான். அம்மாவைக் காட்டிக் குடுத்தது நான்."

லொபெயோக் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். அவன் விடவில்லை, கீழே கிடந்தவனை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். கபேலியோனின் இரத்தம் அவன் வாயெல்லாம் இருந்தது. அக்கா மகன் முதுகில் கத்தியை இறக்க யாருக்கும் மனசு வரவில்லை. இரண்டு உதை விட்டார்கள். அந்த ஆத்திரமெல்லாம் நிலையத்தின்மேல் திரும்பியது. கம்பத்தைக் கயிறு கட்டிச் சாய்த்தார்கள். இரண்டு அறைக்கும் நெருப்பு வைத்தார்கள்.

மருத்துவமனையில் அகேனோவைப் பார்க்க ஏருபே ஒரே ஒரு முறை வந்தான். கட்டிலின் வலது பக்கமாக வரச் சொன்னாள், அந்தப் பக்கம்தான் காது கேட்கும் என்பதால். அவன் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு சத்தமாகப் பேசினான்.

"அன்னிக்கே ஏன்க்கா சொல்லல?"

"உன்னைக் கொன்னுடுவாங்கன்னு பயந்தேன்."

"டீக்கடைல நின்னு கேட்டேன் அக்கா. எங்கம்மா என்னாலதான் செத்தான்னு ரேடியோல கேட்டேன்."

அவள் கையை நீட்டினாள். அவன் பிடிக்கவில்லை. மூன்றாவது வாரம் பழி வாங்க ஆற்றைக் கடந்து போன முப்பது பேரில் அவனும் ஒருவன் என்று கேள்விப்பட்டாள். இருபத்தாறு பேர் திரும்பி வந்தார்கள். அவன் வரவில்லை. உடலும் வரவில்லை.

லொகொரிமோவில் அகேனோவுக்கு வீடு கொடுக்க ஆறு மாதம் யாரும் முன்வரவில்லை. மகளைப் பாதிரியார் பள்ளி விடுதியில் விட்டுவிட்டு, பாலத்துக்குப் பக்கத்தில் லாரிகள் நிற்கும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தாள். முதல் வாரம் ஒரு பெண் வந்து அவள் முகத்தில் காறித் துப்பினாள். நாச்சுரோ மேட்டில் மகளைப் பறிகொடுத்தவள். அகேனோ துடைத்துக்கொண்டு, டீ குடிக்கிறீர்களா என்று கேட்டாள். அந்தப் பெண் போய்விட்டாள். மறு வாரமும் வந்து துப்பினாள். மூன்றாவது தடவை வந்தவள் உட்கார்ந்து, மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அகேனோ பதிவுக் கருவியை எடுத்து வைத்தாள். நிலையத்தில் தப்பியது அது ஒன்றுதான். அன்று அது கபேலியோனின் கால்சட்டைப் பையில் இருந்தது, மருத்துவமனையிலிருந்து போலீஸ் அவனை ஆற்றைக் கடத்தி அனுப்பியபோது அவளுக்கு விட்டுப்போனான்.

கம்பம் இல்லை, உரிமம் இல்லை. எடுத்ததைச் சின்ன மெமரி கார்டில் ஏற்றி லாரி டிரைவர்களிடம் கொடுத்தாள். அவர்கள் வண்டியில் போட்டுக் கேட்பார்கள், டீக்கடைகளில் போனுக்குப் போன் ஏற்றிக்கொள்வார்கள். விட்டுப்போன மாணவர்களில் ஒருத்தி திரும்பி வந்தாள், பிறகு இன்னொருவன். மந்தை எங்கே நிற்கிறது, கிணறு எங்கே, யார் ஊரில் இல்லை என்பதையெல்லாம் ஒரு மழைக்காலம் முடிகிறவரை வாயைத் திறந்து சொல்லக் கூடாது என்று அவர்களிடம் கண்டிப்பாக இருந்தாள். அப்படியானால் அது செய்தியா வம்பா என்று திரும்பி வந்த மாணவி கேட்டாள். என்னவோ ஒன்று, ஆள் உயிரோடு இருக்கட்டும் என்றாள் அகேனோ.

அடுத்த வருட வறட்சியில் ஒரு லாரிக்காரன் ஆற்றின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கார்டு கொண்டுவந்தான். கபேலியோன் அனுப்பியது. மூன்று விரலாலேயே போனில் எடுத்தது, வெட்டவில்லை என்று மட்டும் ஆரம்பத்தில் சொல்லியிருந்தான். செபோசைட் என்ற பொகோட் பெண்ணின் பேட்டி. பழிக்குப் போனவர்கள் புகுந்தது அவள் முற்றத்தில்தான். அகேனோ தனியாக உட்கார்ந்து அதை முழுக்கக் கேட்டாள். பிறகு கருவியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு லொபெயோக்கின் பட்டிக்கு நடந்தாள். போகாதே, இந்த முறை தலையையே உடைத்துவிடுவார் என்று மாணவர்கள் தடுத்தார்கள்.

லொபெயோக் அவளை உட்காரச் சொல்லவில்லை. துப்பாக்கி மடியில் இருந்தது. "ஏருபே எப்படிச் செத்தான்னு இதுல இருக்கு மாமா. நான் வரிக்கு வரி சொல்றேன். இந்தத் தடவை எதையும் மாத்த மாட்டேன்" என்றாள். அவளே உட்கார்ந்து கருவியை ஓட விட்டாள்.

கபேலியோன் கேட்டான், செபோசைட் சொன்னாள், அகேனோ நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தாள். நெட்டையாக ஒருவன் வேலியைத் தாண்டிக் குதித்தான். என் கொழுந்தனைச் சுட்டான். வாசலில் நின்ற என் மாமனாரைச் சுட்டான். என் புருஷன் பின்னாலிருந்து அவன் வயிற்றில் சுட்டான். உடனே சாகவில்லை. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். வெயில் உச்சிக்கு வரும்வரை என் முற்றத்தில் கிடந்தான். நீ என்ன செய்தாய் என்று கபேலியோன் கேட்டான். கல்லால் அடித்தேன் என்றாள். எத்தனை கல் என்றான். கை வலிக்கும்வரை என்றாள். பிறகு என்றான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். அவன் ஏதாவது பேசினானா? பேசினான், அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. சத்தத்தையாவது சொல்ல முடியுமா? அவள் அவனைப்போலவே சொல்லிக் காட்டினாள்.

"ஒண்ணையேதான் சொன்னான். லொமேரி, லொமேரி. கூப்பிடற மாதிரி."

இதை அகேனோ மொழிபெயர்க்கவில்லை, அவசியம் இருக்கவில்லை. லொமேரி புள்ளி விழுந்த ஒரு காளை. ஏருபே வாலிபனானபோது லொபெயோக் கொடுத்தது. மேயப் போன காளையை மாலையில் அவன் அப்படித்தான் கூப்பிடுவான், பட்டியில் அகேனோவும் கேட்டிருக்கிறாள்.

லொபெயோக் மறுபடி போடச் சொன்னார். அந்த இடத்தை மட்டும் நான்கு தடவை கேட்டார். துப்பாக்கி மடியிலிருந்து சரிந்து மண்ணில் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. கேள்வி கேட்டது அந்தப் பயல்தானே என்றார். ஆமாம் என்றாள்.

"எத்தனை கல்லுன்னு கேட்டான் பாரு. எங்காளுங்க எவனும் கேட்டிருக்க மாட்டான்." ஆற்றுப் பக்கம் கையை நீட்டினார். "ஆத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தா அவனைக் கொல்லுவேன்னு சொல்லு. அவன் விரலுக்கு நான் அழ மாட்டேன். அதையும் சொல்லு."

"சொல்றேன்."

"அந்தப் பொம்பளைகிட்ட, அது மாட்டோட பேருன்னு சொல்லச் சொல்லு. மாடு எங்கிட்டதான் இருக்கு. நல்லாத்தான் இருக்கு."

அகேனோ கருவியின் சிவப்புப் பொத்தானை அழுத்தி அவர் முன்னால் வைத்தாள். "நான் சொன்னா அது என் வார்த்தை ஆயிடும். நீங்களே இதுல சொல்லிடுங்க மாமா."

லொபெயோக் ஒலிவாங்கிக்குக் கபேலியோன் தைத்திருந்த ஆட்டுத்தோல் உறையைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அபுவா பெயரையும் ஏருபே பெயரையும் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கினார். கொல்லுவேன் என்பதை அவர் விடவில்லை. மாட்டைப் பற்றியும் விடவில்லை. மறுநாள் காலை லாரியில் அந்தக் கார்டு பாலத்தைக் கடந்து போயிற்று.